பத்தாவதாக வந்த ராஜபார்ட்

நாடகக்காரர்களுக்கு மேடையில் இடம் காலியாகக் கிடந்தால் பொறுக்காது. எதையாவது கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். என் அப்பாவின் சாவிலும் அதைத்தான் செய்தார்கள்.

நாங்கள் ராயபுரத்து யூதர்கள். அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. "நீ துலுக்கனா, வேதக்காரனா? ஒண்ண சொல்லு" என்பார்கள். அந்த எரிச்சலில்தான் ஒரு மாதப் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன். சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஏன் அடுப்பு மூட்டுவதில்லை, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவான நான் அந்த ஒரு நாள் லீவுக்காக யார் யாரிடம் பல்லைக் காட்டினேன் என்றெல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டுரை அப்பா செத்த நாளைப் பற்றியது.

எங்களில் ஒருவர் இறந்தால் மகன் சொல்ல வேண்டிய ஜெபம் ஒன்று உண்டு. கதீஷ் என்போம். தனியாகச் சொல்லக் கூடாது. வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்து நிற்க வேண்டும். பட்டணத்தில் மிச்சமிருந்தது என்னோடு சேர்த்து ஏழு பேர். மற்றவர்கள் வியாபாரம் தேடி பம்பாய்க்கும் கொச்சிக்கும் போனவர்கள், திரும்பிப் பார்க்காதவர்கள். நான் துறைமுகத்துக்கு ஓடினேன். நின்ற கப்பல் ஒவ்வொன்றிலும் ஏறி, யூதர் யாராவது உண்டா என்று கேட்டேன். இரண்டு மாலுமிகள் வந்தார்கள். ஒன்பது. குழியை மூடினோம். ஜெபம் சொல்லவில்லை. நான் எழுதியது அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் நாடகக் கம்பெனி நடத்திய வாத்தியார் அதைப் படித்துவிட்டு வந்தார். "நைனா, நம்ப பேட்டை கதை இது. மேடையில போட்டா ஜனம் அள்ளிக்கினு வரும்" என்றார். எதையும் மாற்றக் கூடாது என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஒத்திகையில் முதலில் பபூனுக்கு ஒரு தாடியை ஒட்டி, வட்டிக்கு விடும் கஞ்ச யூதன் என்றார்கள். சண்டை போட்டு அதை எடுக்கவைத்தேன். அடுத்து கல்லறைக் காட்சிக்கு வந்தார்கள்.

"ஒம்போது பேரு சும்மா நின்னுட்டு பூட்டா, தரை டிக்கெட்டுக்காரன் மண்ண வாரி எறிவான். சோகம்னா பாட்டு வேணும் நைனா" என்றார் வாத்தியார்.

"பாட்டு இல்லாததுதான்யா அங்க சோகமே!"

"சரி சரி, சூடாவாத."

நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தகரக் கொட்டகை நிறைந்துவிட்டது. அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கல்லறைக் காட்சி வந்தது. ஒன்பது பேர் குழியைச் சுற்றி நின்றார்கள். என் வேஷம் கட்டியவன் மண்வெட்டியை எடுத்தான். அப்போது ஆர்மோனியம் எகிறியது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் எப்போதும் கடைசியில்தான் மேடைக்கு வருவார். அவர் பாடிக்கொண்டு வந்தால் கொட்டகை விசிலடிக்கும். அது கம்பெனி வழக்கம். அந்த வழக்கப்படி, சணல் தாடியோடு, "வந்தேனே" என்று பாடிக்கொண்டு வந்து பத்தாவது ஆளாக நின்றார். விசில் பறந்தது. பத்துப் பேரும் பாதி மாதாகோயில் ஜெபமும் பாதி மந்திரமுமாக எதையோ முழங்கினார்கள்.

"நிறுத்துங்கடா!" என்று எழுந்தேன்.

"இன்னாய்யா பேஜாரு உன்னோட? குந்து!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"செத்தது எங்கப்பன்யா! அன்னிக்கு அப்பிடி யாரும் வரல!"

"அதான் இப்ப வந்துட்டாரே, ஒனுக்கு இன்னா நோவுது?"

கொட்டகை சிரித்தது. மேடையில் ஆமென் என்றார்கள். முன்வரிசையில் இருந்த கிறிஸ்தவ மீனவர்களும் ஆமென் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் அம்மா ஒருத்தி மட்டும் எழுந்து நின்றிருந்தாள். அவள் வாயும் ஆமென் என்றது.

மேடைக்குப் பின்னால் போய் ராஜபார்ட்டின் தாடியைப் பிய்த்துப் போட்டேன். வாத்தியார் குறுக்கே வந்தார். "இன்னா நைனா, உங்கப்பாருக்கு இன்னிக்கு ஊரே ஜெபம் பண்ணிச்சு. உங்கம்மாவே ஏந்து நின்னாங்க. சந்தோசப்படுவியா, இத்த வுட்டுட்டு..."

"நீ பத்துப் பேரைக் காட்டிட்டா, விட்டுட்டுப் போனவன் எல்லாம் யோக்கியன் ஆயிடுவான்யா. எங்கப்பன் ஆளில்லாம செத்தாரு. அத்த மாத்த நீ யாரு?" என்றேன். இனி என் கட்டுரையை மேடையில் தொடக் கூடாது என்றும் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். "அது ஜெபமே இல்லம்மா. வேஷம்."

"எனுக்குத் தெரியாதா? உங்க தாத்தா செத்தப்ப உங்கப்பா சொல்லி எத்தினி நாள் கேட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் ஏந்து நின்ன?"

"பத்து பேரு நின்னாங்கடா" என்றாள்.

எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. பொய் என்று தெரிந்தே என் அம்மா எழுந்து நிற்க வேண்டியிருந்தது. சணல் தாடிக்கு ஆமென் சொல்லும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது வாத்தியார் மட்டுமில்லை. பம்பாயில் சௌக்கியமாக இருப்பவர்களும்தான்.

அடுத்த வாரம் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஜனம் கேட்கிறது, இன்னொரு தடவை போடலாமா என்றார். ஒன்பது பேரோடு போடுவதானால் போடு என்றேன். உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகவே சொன்னேன்.

"ஒம்போது பேர வச்சிக்கினு இன்னா நைனா பண்றது" என்று சொல்லிவிட்டு வாத்தியார் போனார். அந்த நாடகம் அதோடு சரி.