ஏழாம் நம்பர் பஸ்ஸின் பிள்ளைகள்

ஆறுமுகநயினார் அறையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். படப்பையில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் அவனுக்கு சி.ஐ.டி. நயினார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில்கூட ஏறமாட்டான். டிரைவர் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஷேர் ஆட்டோவில் வருவான், ஷேர் ஆட்டோக்காரன் என்னவோ தூங்காமல் தவம் இருப்பவன் போல.

திருநெல்வேலிப் பக்கம் எம்.சி.ஏ. முடித்தவன், 2012இல் ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தான். ஆட்களை ஏற்றிவரும் பஸ்களுக்கான புரோகிராமை எழுதியது அவன்தான். அதில் பஸ் பேரன்ட், அதில் வருகிற ஆட்கள் அதன் சைல்டு. பேரன்டையும் பிள்ளைகளையும் டேட்டாபேஸில் கொண்டுபோய் வைப்பதும் கேட்டால் எடுத்து வருவதும் ஓ.ஆர்.எம். என்ற இடைத்தரகனின் வேலை. பஸ்ஸை சேவ் செய்தால் போதும், பிள்ளைகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வேலையை விட்டுப் போனவர்கள் ஓசியில் பஸ் ஏறுவார்களோ என்று நயினாருக்குச் சந்தேகம். அதனால் ஒரு கட்டளையையும் சேர்த்துவைத்தான்: சேவ் செய்யும்போது பஸ்ஸின் கையில் இல்லாத பிள்ளை அநாதை, அநாதையை அழித்துவிடு.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசராகச் சுப்பன் வந்தான். குன்றத்தூர்க்காரன், வாயாடி, லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். எங்க ஊர்ப் பிள்ளைகள் பேரெல்லாம் இவனுக்கு எதுக்கு என்று நயினாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாப் பெயரும் அவன் கண்ணில் படக்கூடாது என்று உடனே திரையை மாற்றினான். இனிமேல் பஸ்ஸைத் திறந்தால் அந்த நேரத்து ஷிப்ட் ஆட்கள் மட்டும் வருவார்கள், மற்றவர்களை ஓ.ஆர்.எம். எடுத்தே வராது.

அடுத்த வாரமே மதிய ஷிப்ட் பெண்களின் பெயர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. நயினார் திரும்பச் சேர்த்தாலும் மறுபடி காணாமல் போயின. லிஸ்ட்டில் பெயர் இல்லாதவரை பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. இசக்கிசெல்வி அழுதுகொண்டு வந்தாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கும் என் பேரு இல்ல. ஷேர் ஆட்டோ புடிச்சு வாரதுக்குள்ள லேட்டாயிட்டு. இன்னொரு தடவ லேட்டானா வேலைய விட்டு எடுத்துருவாவளாம்.”

“இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும் தாயி. நீ லைனுக்குப் போ.”

பெயர் அழியும்போதெல்லாம் சேவ் செய்தது யார் என்று குறித்துவைக்கும்படி புரோகிராமில் ஒரு கண் வைத்தான். ஒவ்வொரு முறையும் சுப்பன் பெயரே விழுந்தது. நயினாருக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஹெச்.ஆர். மேனேஜர் ஸௌந்தரராஜனிடம் கொண்டுபோய்க் காட்டினான். விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் சுப்பனுக்கு அன்றோடு வேலை போய்விடும்.

காலையில் மேனேஜர் அறையில் சுப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“நான் இன்னாத்துக்கு சார் அதுங்க பேர அழிக்கப்போறேன்? டிரைவர் மாறுனா காலையில போன் நம்பர மாத்துவேன், அவ்ளோதான். புள்ளகுட்டிக்காரன் சார் நானு.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க,” என்றான் நயினார்.

ஸௌந்தரராஜன் நிதானக்காரர். “அதையும் பார்த்துடுவோமே. நயினார், நீயே அந்த நம்பரை மாத்திக் காட்டேன்ப்பா.”

நயினார் ஏளனமாகச் சிரித்துக்கொண்டே தன் பெயரில் புரோகிராமுக்குள் போனான். ஏழாம் நம்பர் பஸ்ஸைத் திறந்தான். காலை ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். டிரைவரின் போன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றி சேவ் கொடுத்தான். பிறகு, தான் வைத்த கண்ணைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி திரையைத் திருப்பினான்.

மதிய ஷிப்ட் பெண்கள் அத்தனை பேரும் அழிந்திருந்தார்கள். அழித்தவர் ஆறுமுகநயினார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரைக்கு வராத பெண்களை பஸ் கைவிட்ட பிள்ளைகள் என்று எண்ணி ஓ.ஆர்.எம். அழித்திருக்கிறது. அழிக்கச் சொன்னதும் அவன், வரவிடாமல் மறைத்ததும் அவன். இரண்டையும் செய்தது அவனுடைய சந்தேகம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் தன்னை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

“சுப்பன், நீ போய் வேலையைப் பார்,” என்றார் ஸௌந்தரராஜன். நயினார் பக்கம் கீபோர்டைத் தள்ளிவைத்தார். அதற்குத் திட்டியிருந்தாலும் தேவலை.

பெயர்களைத் திரும்பச் சேர்த்து, இரண்டு கட்டளைகளையும் எடுத்துவிட்டு அவன் கேட்டுக்கு வெளியே வந்தபோது நல்ல மழை. ஒரு ஷேர் ஆட்டோவும் இல்லை. ஏழாம் நம்பர் பஸ் வந்து அவன் முன்னால் நின்றது. படியில் சுப்பன்.

“சுப்பா, நான் வந்து...”

“மொதல்ல ஏறு சார், நனையாத. லிஸ்ட்ல உன் பேரு இருக்குதான்னு நான் பாக்கமாட்டேன்.”