யானையின் நெற்றி: வாலிபால் அணிச் சின்னத்தை மதிப்பிட்ட கதை

நடந்தவை வரிசையாக:

1. எங்கள் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணியின் பழைய சின்னம் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் வெளியூர் அணிகள் அதைப் 'பன்னி' என்றன.
2. மண்டலப் போட்டிக்கு முன் புதுச் சின்னம் வேண்டும் என்று கேப்டன் மெர்சி மனு கொடுத்தாள். கமிட்டி அமைந்தது. கிராபிக்ஸ் பாடம் எடுப்பதால் என்னையும் சேர்த்தார்கள்.
3. வந்த டிசைன்களில் மெர்சி வரைந்ததே சிறந்தது. நேராகப் பார்க்கும் யானை, நெற்றியில் வாலிபாலுக்கு ஒரு V.
4. கமிட்டி அந்த நெற்றியைத் தாண்டவில்லை.

என் மதிப்பெண் தாளில் தெளிவு, ஒரே நிறத்தில் அச்சாகுமா, சிறிய அளவில் புரியுமா என்று மூன்று தலைப்புகள் இருந்தன. நெற்றி என்ற தலைப்பு இல்லை. சின்னம் மதிப்பிடப் போகும் இளையவர்கள் முதலில் ஊரைக் கேட்டுவிட்டுத் தாள் தயாரிக்கவும்.

கமிட்டியில் சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் இருவர்: கணிதப் பேராசிரியர், தமிழ்ப் பேராசிரியர். முன்னவர் தென்கலை, பின்னவர் வடகலை; கோயில் யானைக்கு எந்த நாமம் என்று எங்கள் ஊரில் இரு கலைகளுக்கும் தலைமுறையாக வழக்கு.

கணிதம் கண்ணாடியைக் கழற்றினார். "இது V இல்லமா. அடி வளைஞ்சிருக்குது பார். வடகலை நாமம். அடியில சின்னதா ஒரு பாதம் வெச்சிட்டா தென்கலையாயிடும், சரியாப்பூடும்."

"பாதம் வெச்சா நான் கையெழுத்து போடமாட்டேன்" என்றார் தமிழ்.

மெர்சியை அழைத்து, வரைந்தது எந்தக் கலை என்று கேட்டார்கள்.

"நான் கலை இல்ல சார், சயின்ஸ்" என்றாள்.

V-யை எடுத்துவிடலாம் என்றேன். வெறும் நெற்றியோடு யானை நிற்பது அமங்கலம் என்று இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். கோயம்புத்தூர்க்காரரான முதல்வர், திருநீறு மாதிரி குறுக்கே மூன்று கோடு போடலாமா என்று கேட்டார். போட்டால் வழக்கு சிவன் கோயில்கள் இருக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் பரவும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் யானையைப் பார்த்தார்.

"யானையத் திருப்பிடுங்கமா."

லேப்டாப் என்னிடம்தான் இருந்தது. திருப்பினேன். பின்புறம், வால், இரண்டு காதுகளின் ஓரம். ஒருமனதாக நிறைவேறியது. கணிதப் பேராசிரியர் வாலை மட்டும் கொஞ்சம் நேராக்கச் சொன்னார்.

ஜெர்சி அச்சுக்குப் போகவேண்டிய நாளில் மெர்சி அதைப் பார்த்தாள்.

"மிஸ், இத நெஞ்சுல ஒட்டிக்கினு நெட்டுக்கு முன்னால நின்னா, ஆடறதுக்கு முன்னாடியே புறமுதுகு காட்டற மாதிரி இருக்குது. இதுக்கு பன்னியே தேவல."

மறுபடி கமிட்டியைக் கூட்டினால் போட்டி முடிந்துவிடும் என்று நான் உள்ளதைச் சொன்னேன்.

"நெஞ்சுலதான் போடணும்னு தீர்மானத்துல இருக்குதா மிஸ்?"

எடுத்துப் பார்த்தேன். இடம் குறிப்பிடப்படவில்லை.

"அப்ப முதுகுல போட்டுக்கறோம். எங்க பின்னாடி இருக்கிறவங்களுக்கு வாலு தெரியட்டும். யானை எதிர் டீமப் பாத்துக்கினு நிக்கும்."

இன்றைய நிலை: சின்னம் ஜெர்சியின் முதுகில் இருக்கிறது. நெஞ்சில் எண் மட்டும். அணி மண்டலப் போட்டியில் ஆடிவிட்டு வந்தது; யாரும் பன்னி என்று சொல்லவில்லை. கமிட்டி இன்னும் கலைக்கப்படவில்லை.