மரைக்காருக்கு ஒரு தனிச் சஹன்

ஸகியாவின் அடுப்பில் ஓர் ஆணம் மூன்று தரம் இறங்கும். புளியும் மல்லியும் மிளகும் சேர்த்து மீன் கொதித்து வந்ததும், உப்புப் போடுமுன் ஒரு கிண்ணம் அள்ளி வைப்பாள். அது பிரஷர்காரரான வாப்பா கலந்தருக்கு. உப்புப் போட்டு, தேங்காய்ப்பால் விடுமுன் இன்னொரு கிண்ணம். அது சீனி வருத்தம் வந்த புருஷன் ஜவுபருக்கு. மிச்சத்துக்குப் பால் விட்டு இறக்கினால், பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் இரத்தம் குறைந்து வெளிறிப்போய்க் கிடந்த மகள் றபீக்காவுக்கு. சாய்ந்தமருதில் அந்த வளவைத் தாண்டிப் போகிற பெண்கள் “ஸகியாட ஆஸ்பத்திரி” என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண் ஒரே சட்டியில் மூன்று வருத்தத்துக்கும் வழி கண்டாள் என்றால், அது கேலி பண்ணியவர்களால் ஆகிற காரியமில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் பெரும்போக நெல் வெட்டின்போது தொடங்கியது இது. வயலில் அரிதாள் கட்டை ஒன்று ஜவுபரின் இடது கால் பெருவிரலில் குத்தியது. குத்தியது கூட அவருக்குத் தெரியவில்லை. செருப்பில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மஞ்சள் வைத்தார்கள், எண்ணெய் வைத்தார்கள், புண் ஆறவில்லை. கல்முனையில் டொக்டர் பார்த்துவிட்டுச் சீனி என்றார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் சீனி இறங்கிப் புண் காயாவிட்டால் விரலை எடுக்க வேண்டும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். குளிசைகளோடு நீலத் தண்ணீர் நிறைந்த ஒரு போத்தலும் கண்ணாடிக் குழாயும் கொடுத்து, வீட்டிலேயே சோதிக்கக் காட்டிக்கொடுத்தார். நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் கூடாது, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

ஸகியா அடுத்த நாளே வீட்டைத் தலைகீழாக்கினாள். எல்லாருக்கும் குரக்கன் என்கிற கேழ்வரகில் பிட்டு, எல்லாருக்கும் பாவற்காய். வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றால் எல்லாரும் சேர்ந்து பத்தியம் பிடிப்பதுதான் பாசம் என்று நினைத்துவிட்டாள். ஒரு கிழமையில் பாலூட்டுகிற றபீக்கா தலைசுற்றி விழுந்தாள். கலந்தர், குரக்கன் தொண்டையில் இறங்கவில்லை என்று கருவாட்டைச் சுட்டுத் தின்று, பிடரி வலி வந்து படுத்தார். பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவிச்சி மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸகியாவை நன்றாகத் திட்டினாள். ஒருத்தருக்கு மருந்தானது இன்னொருத்தருக்குப் பட்டினி என்று அவள் சொன்னது ஸகியாவின் மனதில் ஆணியடித்த மாதிரி இறங்கியது.

அதன் பிறகுதான் சட்டி மூன்று தரம் இறங்கத் தொடங்கியது. றபீக்காவுக்கு முருங்கை இலைச் சுண்டலும் கிழமையில் இரண்டு நாள் ஈரலும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணீர் குடிக்க விடமாட்டாள். வாப்பாவுக்கு உப்புக்குப் பதில் தேசிக்காய்ப் புளி. முதல் பத்து நாளும் அவர் மண்ணைத் தின்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார், பிறகு நாக்குப் பழகிவிட்டது. ஜவுபருக்குத் தவிட்டரிசிச் சோறு ஒரு சிரட்டை, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. மிச்ச வயிற்றைக் கீரையாலும் மீனாலும் நிரப்பினாள். அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வரைக்கும் நடந்துவரச் சொன்னாள். நாலாம் கிழமை முடிய வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வீட்டுச் சாப்பாடு அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

ஆனால் புண் காயவில்லை. கண்ணாடிக் குழாயில் நாலு நாள் பச்சை வரும், ஐந்தாம் நாள் செங்கல் வரும். ஸகியா தன் கையிலேயே பிழை தேடினாள். அரிசியை மாற்றினாள், சிரட்டையைச் சின்னதாக்கினாள். ஆறு கிழமை கழிந்த பிறகு ஒரு காலையில், செங்கல் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கலியாணத்துக்கோ கந்தூரிக்கோ அடுத்த நாள்.

கேட்டபோது ஜவுபர் மறைக்கவில்லை, மறைக்கத் தெரிந்தவருமில்லை. அவர் தன் குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, மரைக்கார்; பள்ளிவாசல் நிர்வாகத்தில் அந்தக் குடியின் பேரால் இருப்பவர். ஊரில் எந்த விருந்தானாலும் ஒவ்வொரு குடியின் மரைக்காரும் போய்ச் சஹனில் உட்கார வேண்டும். பெரிய தட்டில் குவித்த நெய்ச்சோற்றை ஆறு பேர் சுற்றியிருந்து தின்பதுதான் சஹன். அதில் தனக்கென்று ஒரு பத்தியத்தை எங்கே வைப்பது? போதாததற்கு மற்ற ஐந்து பேரும் மரியாதைக்காக இறைச்சியை எல்லாம் மரைக்கார் பக்கம் ஒதுக்குவார்கள். சக்கரை போட்டு அவித்த இனிப்பான வட்டிலப்பத்தில் முதல் துண்டும் அவருக்குத்தான்.

“நான் கை வெக்காட்டி, அந்த ஊட்டோட நம்மட குடிக்குக் கோவம் எண்டு நாளைக்கே ஊர் கதைக்கும்” என்றார் ஜவுபர். “வெரல் என்ட. குடி என்டயா?”

ஸகியாவுக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஆறு கிழமை தான் சிரட்டையால் அளந்ததை எல்லாம் ஒரே மத்தியானத்தில் அள்ளிக்கொண்டு போகிற அந்த மரியாதையின் மேல். இரண்டு நாள் அடுப்படியிலேயே யோசித்தாள். சஹனை விடச் சொல்ல முடியாது. சஹனுக்குள் இருப்பதை மாற்றலாமே!

அடுத்தது புடவைக்கடைக் கச்சிமுகம்மதுவின் மகள் கலியாணம். ஸகியா நேரே அவர் மனைவி சபியா உம்மாவிடம் போனாள். ஒரே ஒரு சஹன் தனியாக வேண்டும், சமைப்பது தன் பொறுப்பு, சீனி உள்ளவர்களுக்கு என்று சொன்னாள். சபியா உம்மா நல்ல மனுஷி. ஆனாலும் அவளுக்குத் தயக்கம். மரைக்காரோடு அதில் உட்கார மற்ற ஐந்து பேரை எங்கே பிடிப்பது? தனிச் சஹனில் ஒரு மனிதனை இருத்துவது, ஊர் ஒதுக்கிவைத்த மாதிரி ஆகிவிடாதா?

“நான் ஆறு பேருக்கும் ஆக்குறன் மாமி. வாற ஆக்கள் வரட்டும்” என்றாள் ஸகியா.

கலியாணத்தன்று மத்தியானம் பந்தலில் சஹன்கள் விரிந்தன. மூலையில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது: தவிட்டரிசிச் சோறு, பால் விடாத மீன் ஆணம், வல்லாரைச் சம்பல், வெள்ளரிக்காய். சீனி உள்ளவர்களுக்கு என்று ஒருவர் அறிவித்தார். ஜவுபர் போய் உட்கார்ந்தார். சீலைத் துணி கட்டிய விரலைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டார். சுற்றி ஐந்து இடமும் வெறுமையாகக் கிடந்தன. பந்தலே அவரைப் பார்த்தது. ஒருவர் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்ற ஸகியா, விரலைக் காப்பாற்றப் போய் மனிதனின் மானத்தை வாங்கிவிட்டேனே, றப்பே, என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது கச்சிமுகம்மது பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் கடைசி விருந்தாளி கை கழுவும்வரை உட்காரக் கூடாது என்பது ஊர்வழக்கம். அவர் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு ஜவுபருக்கு எதிரே போய்ச் சம்மணமிட்டார்.

“எனக்கும் மூணு வருசமா இரிக்கி மரைக்கார்” என்றார், பந்தலுக்கே கேட்கிற குரலில். “இண்டைக்கு வரைக்கும் ஊட்ட செல்லல்ல.”

சிரிப்பு நின்றது. பாய் வியாபாரி ஒருவர் எழுந்து வந்தார். லெப்பை ஒருவர் வந்தார். பிறகு இரண்டு பேர் ஒன்றாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வந்தார்கள். ஆறு இடமும் நிறைந்த பிறகும் இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

திரைக்குப் பின்னால் சபியா உம்மா ஸகியாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். “மூணு வருசம்” என்றாள். “ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் என்ட கையாலதானேகா வட்டிலப்பம் குடுத்தன்.” ஸகியா அவளை அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்து விருந்துகளில் அந்தச் சஹன் வழக்கமாகிவிட்டது. நோன்பு வருமுன், டொக்டர் கொடுத்த தவணை முடிந்த நாளில், இருவரும் கல்முனைக்குப் போனார்கள். டொக்டர் துணியை அவிழ்த்து, விரலை அழுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் காய்ந்து புதுத்தோல் மூடியிருந்தது. வெட்டத் தேவையில்லை என்றார்.

மூன்று மாதமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஸகியா, வெளியே வந்ததும் வாங்கில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பியது.

“அழாதகா, ஆக்கள் பாக்காங்க” என்றார் ஜவுபர்.

“பாக்கட்டும்” என்றாள் ஸகியா.