அடைப்பெடுக்க வந்தவர்கள்

குழாய் வேலைக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவர்கள் வருவதற்கு முந்தின நாள் லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கழிப்பறையைக் கழுவினோம். சரிசெய்ய வருகிறவர்களுக்காக அதைக் கழுவி வைப்பது என்ன கூத்து என்று ஆண்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர்க்காரர்கள் அந்தக் கதவைத் திறந்து பார்ப்பார்களே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னக்கானல் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் எங்கள் வீடு. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பின்பக்கச் சரிவில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறைகள். ஒன்று அடைத்துக்கொண்டு வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது. மற்றதன் வாசலில் காலையில் வாளியோடு வரிசை நிற்கும். தண்ணீர் மேலே ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் பைப்பில் வரும். இரவில் யானை இறங்கி ஓஸை மிதித்துவிட்டால் மறுநாள் அதுவும் இல்லை. வந்தாலும் மழைக்காலத்தில் டீத்தண்ணீர் நிறம்.

நான் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு குளியலறை எங்கள் முன்னறையைவிடப் பெரிது. சுடுதண்ணீர் வரக் கொஞ்சம் தாமதமானால் தங்க வந்தவர்கள் போன் செய்வார்கள். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பேன். அது என் வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பகல் முழுக்க அந்த வெள்ளைத் தரையைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் என் மகளைப் பின்பக்கச் சரிவுக்கு டார்ச் அடித்துக் கூட்டிப்போகும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நல்ல பிள்ளை, நன்றாகப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். என் மகள் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே அவளை ஏற்றி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற நாட்களில் காலையில் தண்ணீரே குடிக்கமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய?

எஸ்டேட் ஆபீசில் சொன்னால் பஞ்சாயத்தில் கேட்கச் சொல்வார்கள். பஞ்சாயத்தில் சொன்னால் அது எஸ்டேட் கட்டடம் என்பார்கள். கடைசியில் எங்கள் வார்டு மெம்பர்தான் இவர்களைப் பற்றிச் சொன்னார். பாலக்காட்டில் எருத்தேன்பதிப் பக்கத்துக் குழாய் வேலைக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இதுபோன்ற இடங்களுக்குப் போய்க் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுக்கிறார்களாம்.

அந்த ஞாயிறு காலையில் உடுமலை, மறையூர் வழியாக ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நடுவயதைத் தாண்டிய ஒருவர்தான் பொறுப்பு. அவரோடு இன்னும் சில ஆண்களும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் சுடிதாருக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். சமைத்துக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் ஜீப்பின் பின்னாலிருந்து பைப் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஆண்கள் இரண்டு பேர் ஓடைப்பக்கம் ஏறிப்போய், தண்ணீரை வடிகட்டி விடுவதற்குத் தொட்டி வைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். பெரியவரும் அந்தப் பெண்ணும் பூட்டிக் கிடந்த கழிப்பறைக்குப் பின்னால் போனார்கள். சர்ச் முடிந்து வந்தவர்கள், லீவில் இருந்தவர்கள், குழந்தைகள், லயமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. என் மகளும் என் பக்கத்தில் நின்றாள்.

குழியின் சிமெண்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். நாற்றத்தில் எல்லோரும் இரண்டடி பின்னால் போனோம். பெரியவர் நீளமான கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் திருகித் திருகி இழுத்தார். முதலில் ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. அடுத்து ஒரு துணிச்சுருள். அப்புறம் அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நாப்கின்கள், கிழிந்த பாவாடைத் துணிகள், பேப்பரில் சுற்றியவை, கவரில் முடிச்சுப் போட்டவை. எல்லாம் ஊறிப் பெருத்து அந்தப் பகல் வெளிச்சத்தில் சிமெண்ட் மேல் குவிந்தன.

ஆண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர், அவர்களுக்கு டீ வாங்கி வருகிறேன் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார். மகளோடு ஒரே பள்ளியில் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். அவள் என் வயதுக்காரி, கொழுந்து பறிக்கப் போகிறவள். அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள்.

"வயசுக்கு வந்த பிள்ளைக இருக்குற வீட்டுக்காரவுக சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? இப்பப் பாரு, லயத்து மானமே போச்சு."

எங்கள் லயத்தில் அப்படிப்பட்ட வீடுகள் மூன்றுதான். பெயர் சொல்லத் தேவையே இல்லை. பார்வைகள் எங்கள் பக்கம் திரும்பியதும் என் மகள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. அதைப் போட்டவர்கள் யார் என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். முன்பெல்லாம் இருட்டியதும் தேயிலைக்குள் கொண்டுபோய்ப் புதைப்போம், இல்லையென்றால் எரிப்போம். யானை நடமாட்டம் அதிகமான பிறகு இருட்டில் யார் இறங்குவது? புதைத்ததையும் நாய் தோண்டி வாசலுக்கு இழுத்து வந்துவிடும். பகலில் கையில் எடுத்துக்கொண்டு ஆண்கள் முன்னால் நடக்க முடியாது. மிச்சம் அந்தக் கழிப்பறை ஓட்டை ஒன்றுதான் இருந்தது.

நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஒரு வாளியை எடுத்துப்போய்க் குழியருகில் குந்தி, வெறுங்கையால் அதை அள்ளிப் போட ஆரம்பித்தேன். எல்லோர் கண்ணிலிருந்தும் அது மறைந்தால் போதும் என்றிருந்தது. அள்ளிக்கொண்டே சொன்னேன்: "எங்க வீட்டுதும் இருக்கு. எல்லார் வீட்டுதுந்தான் இருக்கு."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

குழாய் வேலைக்கு வந்த அந்தப் பெண் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, கையில எடுக்காதீங்க. இந்தாங்க," என்று தன் கையுறைகளைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். பிறகு பெரியவரைப் பார்த்து, ஆண்களைத் தொட்டி வேலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அவர் வேடிக்கை பார்த்த பையன்களையும் சேர்த்து, பைப் சுமக்க ஆள் வேண்டும் என்று மேலே ஓட்டிப்போனார்.

பெண்கள் மட்டும் நின்றோம். இதையெல்லாம் போட வேறு இடம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். பிறகு அவளே சுற்றிப் பார்த்தாள். சரிவு, தேயிலை, யானை தள்ளிவிட்ட வேலி.

"இடமே இல்லீங்களே. அப்பறம் எங்க போடுவீங்க?" என்றாள். எங்களைக் குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. ஆனாலும் எனக்குத் தலை நிமிரவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சோறும் மத்திக்குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் வைத்திருந்தோம். ஆண்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவள் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். தண்ணீர் ஊற்றப் போனால் டம்ளரைக் கையால் மூடினாள். மகள் உள்ளறையைவிட்டு வரவேயில்லை. அவளுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். "நாளைக்கு நான் எப்பிடிம்மா ஸ்கூலுக்குப் போவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அடைப்பெடுத்து, உடைந்த குழாயை மாற்றிவிட்டார்கள். சிமெண்ட் காய வேண்டும், மீதி அடுத்த ஞாயிறு என்று சொல்லி ஜீப் ஏறினார்கள். வண்டி வளைவு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அந்தப் பெண் எங்கேயும் ஒதுங்கவில்லை. வந்த எல்லோருக்கும் சோறு போட்டோம், டீ கொடுத்தோம். அவளை ஒரு வார்த்தை, இந்தப் பக்கம் போய் வருகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்தாழ்ப்பாள்கூட இல்லாத அந்த இன்னொரு கழிப்பறைக்கா கூட்டிப்போயிருப்போம்? என் மகள் அப்படித் தண்ணீரை மறுப்பதைத் தினமும் வீட்டில் பார்க்கிற நான், இவள் டம்ளரை மூடியதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டேன். குழியில் கிடந்தவற்றை எல்லோரும் பார்த்ததைவிட அது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனாள், தலையைக் குனிந்துகொண்டு. பையன்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். "சொல்லலேன்னாலும் அவனுகளுக்குத் தெரியுமேம்மா," என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் சொன்னபடி வந்தார்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, ஓடைத் தண்ணீர் தொட்டியில் தங்கித் தெளிந்து வரும்படி செய்தார்கள். அந்தப் பெண் இரண்டு வட்டமான சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மூடியும் புகைபோக்கியும் பொருத்தி, கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, துணியும் நாப்கினும் போட்டு எரிக்க ஓர் எரிகுழி கட்டினாள். அவள் சிமெண்ட் குழைக்க, என் மகள் அவளாகவே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் இந்த முறை மறக்காமல், புதுத் தாழ்ப்பாள் போட்ட கதவைக் காட்டி, போய் வா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வாளியை எடுத்தாள்.

தாழ்ப்பாளும் தண்ணீரும் வந்துவிட்டன. ஆனால் எரிகுழியை வெகுநாள் யாரும் தொடவில்லை. அது லயத்தின் ஜன்னல்களுக்கு நேராக இருந்தது. அதன் பக்கம் போனால் எதற்குப் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நானே நாப்கின் பொதியை ரிசார்ட்டுக்குக் கொண்டுபோய் அங்குள்ள குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், வேலையில்லாத நாள், பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் வந்து நின்றாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. முந்தானைக்குள் ஒரு கவரைப் பிடித்திருந்தாள். வேறெங்கோ பார்த்தபடி, "தொணைக்கு வாரியா?" என்றாள்.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் அவளுடைய வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் நடையை வேகமாக்கினாள், நானும்தான். எரிகுழியின் மூடியைத் தூக்கிக் கவரைப் போட்டுத் தீ வைத்தோம். புகை மேலே போவதைப் பார்க்காமல், அது அடங்கும் வரை இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.