தொழுகை நேரத்துக் கைப்பட்டை

ஹாஜா மொய்தீன் லாரிக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைப்பவர். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்ததிலிருந்து வண்டி நிறுத்த இடமில்லை, வாடிக்கையும் குறைந்துவிட்டது. ஆனாலும் தொழுகைக்கான பாங்கு கேட்டால் ஊசியை ஃபோமில் குத்திவிட்டு எழுந்துவிடுவார். பள்ளிவாசலில் முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் அவர் இடம். அது அவருடையது என்று யாரும் சொன்னதில்லை; வேறு யாரும் அங்கே நிற்பதுமில்லை.

அவருக்கு ரத்தக்கொதிப்பு, கவலை முழுக்க டப்ளினில் இருந்த மகள் சைமாவுக்கு. கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்க்கும் மிஷினை அவர் பீரோ மேலே ஏற்றிவிட்டதால், வாட்ச் மாதிரி ஒரு கைப்பட்டை அனுப்பினாள். காற்றடிக்க வேண்டாம். கையில் கிடந்தபடியே கொதிப்பைப் பார்த்து அவள் போனுக்குச் சொல்லிவிடும். மாதம் ஒருமுறை பழைய மிஷினில் அளந்து, அந்த எண்ணைக் கொடுத்துப் பட்டையை அவர் கைக்குப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் மனைவி லத்தீஃபா செய்தாள்.

தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது முழங்கைவரை தண்ணீர் தோலில் பட வேண்டும் என்பதை சைமா யோசிக்கவில்லை. முதல் வாரமே அவர் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்குப் போனார். சைமாவின் போனில் எண் வரவில்லை. லத்தீஃபா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் மகளின் அழைப்பு காதில் விழவில்லை. சைமா அழுதுகொண்டே பக்கத்துக் கடை பாசித்தை அழைத்தாள். அவன் பள்ளிக்கு ஓடினான்.

"பாய், நல்லாத்தான கீறீங்க? டப்ளின்லேர்ந்து கேக்குறாங்க."

தொழுதுவிட்டு எழுந்துகொண்டிருந்த வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "இன்னொரு தபா இப்டி ஆச்சு, கழட்டி சாக்கடைல கடாசிடுவேன்," என்றார்.

அதன்பிறகு அவர் கழற்றியதும் லத்தீஃபா அதைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். சைமாவுக்கு எண் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மகளும் பயப்படவில்லை, அவரும் கோபப்படவில்லை. அவர் கைக்குப் பழக்கின பட்டை அவர் கணக்கைத்தான் சொல்லும், தான் அதைச் சூடு ஆறாமல் வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

சில வாரம் கழித்து சைமா வீடியோவில் வந்தாள். "அத்தா, தொழுற நேரத்துல மட்டும் எகிறுது. குனிஞ்சு நிமிர்றதாலதான். இனிமே நாற்காலில உக்காந்து தொழுங்க. நம்ம டாக்டருக்கும் அனுப்பிட்டேன், மாத்திரைய கூட்டச் சொன்னார்."

லத்தீஃபாவுக்கு எங்கோ இடறியது. அந்த நேரத்தில் பட்டை கிடப்பது தன் கையில். சொன்னால் பட்டை சாக்கடைக்குப் போகும், மகள் தூங்காமல் கிடப்பாள். "சைமா, அது வந்து..." என்று ஆரம்பித்து, "ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று முடித்தாள். அவளுக்குப் பிடரியில் வலி இருந்துகொண்டே இருந்தது. கடையில் ஃபோம் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை என்று விட்டுவிட்டாள்.

ஹாஜா மொய்தீன் கடைசி வரிசை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தார்.

"ஊருக்கே சீட்டு தைக்கிறீங்க, இதுக்கு ஒரு குஷன் போட்டுக்கக் கூடாதா?" என்றான் பாசித்.

"போடா. நான் இன்னா, இங்கயே உக்காரவா போறேன்? நம்பர் எறங்கினா முன்னாடி போய்டுவேன்."

மற்ற நேரத்தில் இறங்கிய எண் தொழுகை நேரத்தில் மட்டும் இறங்கவில்லை. மாத்திரை இன்னொரு முறை கூடியது. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றார். கொதிப்புதான் காரணம் என்றாள் சைமா. லத்தீஃபாவும் அதை நம்பத்தான் விரும்பினாள்.

ஒரு மாலை, அசர் தொழுகை நேரத்தில், பள்ளியில் ஒளு செய்துவிட்டு எழுந்தவர் ஈரத் தரையில் சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. லத்தீஃபா பட்டையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பிரஷர் தொண்ணூறுகூட இல்லையே," என்றார் அங்கிருந்த டாக்டர், மாத்திரைச் சீட்டைப் பார்த்தபடி. "இவருக்கு எதுக்கு இவ்ளோ மாத்திரை?"

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது.

"அம்மா, பாசித் மாமா சொன்னாரு. இங்க நூத்தித் தொண்ணூறு காட்டுது. உன் பைல அத்தா மாத்திரை இருக்கா? உடனே ஒண்ணு குடு. அங்க இருக்கறவங்க பாக்கறதுக்குள்ள ஏதாவது ஆயிடும்."

மாத்திரை பையில் இருந்தது. லத்தீஃபா கட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"சைமா, அது அத்தா இல்லமா."

"பின்ன?"

"எங் கைல கீது. அவரு தொழப் போனா நான்தான் கட்டிக்குவேன். நீ பயப்படுவேன்னு."

"அப்ப மாத்திரை குடுக்காத," என்றாள் சைமா.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அகல்யா லத்தீஃபாவின் கையில் பி.பி. மிஷின் துணியைச் சுற்றிக் காற்றடித்தாள். மறுபடி ஒருமுறை அடித்தாள்.

"ஒருத்தர் கைக்குப் பழக்கினத இன்னொருத்தர் கட்டினா அது சொல்றத நம்ப முடியாதும்மா. ஆனா இந்த மிஷின்லயும் உங்களுக்கு நெறையத்தான் இருக்கு. எத்தினி வருஷமா பி.பி.?"

"எனக்கு இல்ல," என்றாள் லத்தீஃபா. "அவருக்குத்தான்."

ஆபரேஷன் முடிந்தது. நடக்கலாம், ஆனால் இனிமேல் தரையில் குனிந்து எழ வேண்டாம் என்றார்கள். லத்தீஃபா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

பாசித் பார்க்க வந்தபோது அவனிடம் சொன்னார்.

"பள்ளில கீற அந்த நாற்காலிய ஊட்டுல கொண்டாந்து போட்டு வெய்யி."

"எதுக்கு பாய்?"

"அளவு எடுக்கணும். குஷன் தைக்க."

பாசித் சிரிக்கவில்லை. லத்தீஃபா தனக்கென்று எழுதித் தந்த மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.