இரண்டாவது கொக்கி

ஜெயமணியின் வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், வரிசை வீடுகளில் நாலாவது வீடு அவளுடையது. விடிந்ததும் அந்த வாசலைக் கடந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். போன வருஷம் வரை அவர்களோடு ஓடியவள். ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் தகடு அடித்துக்கொண்டிருந்தவள். மிஷின் கோளாறில் கை போனது என்று தெருவே சொல்லும்.

கை போனபின் அவள் அழாத நாளே இல்லை என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஒரே ஒரு வெங்காயத்தை ஒற்றைக் கையால் நறுக்கிப் பாருங்கள். அது உருண்டு ஓடும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் கத்தியை எடுக்கக் கை இருக்காது. குக்கர் மூடியைத் திருகினால் குக்கரே சேர்ந்து சுற்றும். தோசைக்கல்லும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சோறு வடிப்பது. ஒரு கை பானையைச் சாய்க்க, ஒரு கை மூடியைப் பிடிக்க வேண்டும். ஆண்டவன் சோற்றைப் படைத்தபோதே இரண்டு கைகளை மனத்தில் வைத்துத்தான் படைத்தானோ!

அந்தச் சோறுதான் வினையாகவும் வந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், "நான் வடிக்கேம்மா" என்று பானையைத் தூக்கினாள் பத்து வயது மகள் தர்ஷினி. மூடி நழுவியது. கொதிக்கும் கஞ்சி குழந்தையின் இடது காலில் கொட்டியது.

அன்று மாலையே ஜெயமணியின் கணவன் மாதவன் சங்கரன்கோவிலில் இருக்கும் தன் அக்காளுக்குப் போன் போட்டான். வாகனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை அவனுக்கு. வீட்டில் நின்று காக்க முடியாது. ஸ்பீக்கரில் அக்காள் குரல் அடுப்படி வரை கேட்டது.

"தாய்க்குச் சோறு பொங்கப் போயி பிள்ள வெந்துகிட்டு கெடக்கணுமாலே? அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன். பள்ளிக்கூடத்துல டி.சி.க்கு எழுதி வையி. நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

ஜெயமணி போனைப் பிடுங்கினாள். "மைனி, வாங்க. நான் பொங்கிப் போடுதேன். பிள்ள ஒரு விரல் தொடாம, நான் ஒத்தையில. முடியலன்னா அவ துணிமணிய நானே எடுத்துத் தாரேன்."

சொல்லிவிட்டாள். சொன்னபின்தான் நாளை எண்ணினாள். பத்தே நாட்கள்.

மறுநாள் அவள் போய் நின்ற இடம், கேட்டும் கிரில்லும் செய்யும் கங்கப்பனின் பட்டறை.

"அண்ணே, ஒரு ஃபிக்சர் வேணும்."

"எந்தக் கம்பெனிக்கும்மா?"

"எங்க அடுப்படிக்கு."

"ஜாப் என்னா?"

"வெங்காயம்."

கங்கப்பன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முப்பது வருசமா வெல்டிங் அடிச்சிக்கினு இருக்கிறேன். வெங்காயத்துக்கு ஃபிக்சர் கேட்ட மொத ஆளு நீதாம்மா. டாலரன்ஸ் எவ்ளோ, எத்தினி மில்லி தள்ளிப் போலாம்?"

அவள் சிரிக்கவில்லை. இடது கையால் சாக்பீஸ் பிடித்துத் தரையில் கோணல்மாணலாக வரைந்தாள். பிரஸ் ஷாப்பில் தகட்டைக் கை பிடிக்காது, ஃபிக்சர்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அடுப்படியில் மட்டும் கை ஏன் பிடிக்க வேண்டும்?

இப்படித்தான் அந்தச் சாமான்கள் பிறந்தன. பலகையில் அடியிலிருந்து மேலே நீட்டிய மூன்று எவர்சில்வர் ஆணிகள். வெங்காயத்தைக் குத்தி நிறுத்தினால் அசையாது. பலகை நழுவாமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப். வாணலி சுற்றாமல் அதன் காதைத் தடுக்க அடுப்போரம் இரண்டு இரும்புத் துண்டுகள். கடைசியாக, அடுப்பின் மேலேயே நிற்கும் ஓர் இரும்பு வளையம். பானை அதற்குள்ளேயே இருக்க, சோறு வேகும். மூடியை ஒரு கொக்கி அழுத்திப் பிடிக்கும். நீளக் கம்பியை அழுத்தினால் பானை பக்கத்துத் தொட்டியில் கஞ்சியைச் சாய்க்கும்.

ஏழாம் நாள், ஒரு பக்கக் கொக்கி மட்டும் இருந்ததால் மூடி மறுபக்கம் திறந்துகொண்டது. சோறு முழுவதும் தொட்டியிலும் தரையிலும் கொட்டியது. அந்தச் சோற்றுக்கு நடுவே உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கையைச் சுவரில் மோதிக்கொண்டு அவள் கதறியதைக் கேட்க வீட்டில் யாருமில்லை; பிள்ளைக்குக் கட்டு மாற்ற மாதவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். அப்புறம் எழுந்து, தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி பட்டறைக்கு நடந்தாள்.

"இன்னொரு கொக்கி வேணும்ணே."

ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து மைனி வந்தாள். காப்பிகூட வேண்டாம் என்று அடுப்படி வாசலில் மணை போட்டு உட்கார்ந்தாள். மாதவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு தர்ஷினி. கை தானாக உதவிக்குப் போய்விடுமோ என்று இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

வெங்காயம் ஆணியில் நின்றது. கத்தி ஓடியது. புளிக்குழம்பு கொதித்தது, வாணலி சுற்றவில்லை. மைனியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பானையில் சோறு பதமாகி வந்தபோது அவள் குரல் கொடுத்தாள்.

"சட்டுனு வடிட்டி. கொழஞ்சிரப் போவுது. இதுக்கா இவ்வளவு நேரம்?"

ஜெயமணி பதறி ஒரு கொக்கியை மாட்டினாள். கம்பியை எட்டிப் பிடித்தாள். இரண்டாவது கொக்கி திறந்தே கிடந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. ஒரு கொக்கி தாங்கினாலும் தாங்கும்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் நிக்கே?" என்றாள் மைனி.

"அன்னைக்கும் இப்படித்தான் மைனி."

"என்னைக்கு?"

ஜெயமணி திரும்பவில்லை. பானையைப் பார்த்தே பேசினாள். "பிரஸ்ஸுல ரெண்டு பட்டன் உண்டு. ரெண்டையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் இறங்கும். கை உள்ள மாட்டிரக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. அன்னைக்கு தர்ஷினிக்கு ஸ்கூல்ல டான்ஸ். நாலு மணிக்குள்ள அன்னையத் தகட்டுக் கணக்க முடிச்சாத்தான் விடுவாங்க. ஒரு பட்டன்ல தீக்குச்சியச் சொருகி அமுங்கினபடியே வச்சேன். மிஷின் கெட்டுப் போகல மைனி. நான்தான்."

மாதவன் நிலையிலிருந்து விலகி நேராக நின்றான். "என்ன சொல்லுதே?"

"அர மயக்கத்துல கெடந்து பாத்தேன், சின்னராஜ் அண்ணன்தான் அந்தக் குச்சிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. என் மேல பழி வரக்கூடாதுன்னு, மிஷின தான் சரியாப் பாக்கலன்னு அவரே சொல்லிட்டாரு."

சின்னராஜ் அந்த ஷாப்பின் சூப்பர்வைசர். மாதவனின் ஒரே சிநேகிதன். ஜெயமணிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். கட்டுப் போட்ட கையோடு ஜெயமணி வெளியே வந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில், எல்லோரும் பார்க்க, மாதவன் அவனைச் செருப்பால் அடித்தான். ஒரு வருஷமாக சின்னராஜின் தெருப்பக்கமே போகவில்லை.

"அவன அடிச்சப்ப நீ பாத்துக்கிட்டுத்தான இருந்தே?" என்றான் மாதவன். "ஒரு வருசமா... வாயத் தொறக்கலியே?"

கை போனவளை எல்லோரும் மன்னிப்பார்கள். கையைத் தானே கொடுத்தவளை யார் மன்னிப்பார்கள் என்று பயந்து பயந்தே அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

மாதவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

ஜெயமணி இரண்டாவது கொக்கியை மாட்டினாள். கம்பியை அழுத்தினாள். கஞ்சி ஒரே தாரையாகத் தொட்டியில் இறங்கியது. ஒரு பருக்கை சிந்தவில்லை. அவள் கண்ணீர்தான் சிந்திக்கொண்டே இருந்தது. பிள்ளையைக் காப்பாற்ற நின்ற அந்த நொடியில் புருஷனை இழந்துவிட்டாளா?

மைனி எழுந்தாள். இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். டி.சி. கேட்டு மாதவன் எழுதியிருந்த மனு. அதைத் தரையில் விரித்து, கொதிக்கும் குழம்புச் சட்டியை இறக்கி அதன் மேல் வைத்தாள்.

"சட்டிச் சூட்டுல தர வீணாப் போயிரும்" என்றாள்.

தர்ஷினி தொடைக்கு அடியிலிருந்து மெதுவாகக் கைகளை எடுத்தாள்.

"எத்தன பேருக்கு அரிசி போட்டே?"

"நாலு பேருக்கு மைனி."

"போனவன் சின்னராஜ் வீட்டுக்குத்தான் போயிருப்பான். செருப்படி பட்டவன் கதவத் தொறப்பானோ மாட்டானோ, யாரு கண்டா?" மைனி மறுபடி மணையில் உட்கார்ந்தாள். "தொறந்தாம்னா ஒத்தையிலயா வருவான்? இன்னொரு ஒல வையி. நான் தொட மாட்டேன். நீதான் வைக்கணும்."

ஜெயமணி சோற்றைப் பாத்திரத்தில் தட்டிவிட்டு, இடது கையால் அரிசி களைந்தாள். உலை கொதித்தது. அரிசி வெந்தது. வாசலில் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஜெயமணி அவசரப்படாமல் ஒரு கொக்கியை மாட்டினாள். பிறகு மற்றதை.