காலண்டர் அட்டையில் படித்த இங்கிலீஷ்

பழைய காலண்டர் அட்டை ஒன்று என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. பின்பக்கம் என் ஓரகத்தியின், அதாவது கணவரின் அண்ணன் மனைவியின், குண்டு எழுத்து. ஐ ஆம் என்பதை ஐம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிந்த காரியத்துக்கு ஐவ், இனி வருவதற்கு ஐல். நான் ஐந்தாம் வகுப்புதான் என்பதால் எல்லாம் தமிழ் எழுத்தில். முதல் வரி, ஐம் ஹர் மதர்.

கல்கத்தா டாக்குரியாவில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். என் மகளைப் பெரிய இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க அப்பா அம்மா இருவரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். "வார்த்தையப் பிச்சுப் பிச்சுப் போட்டா உன்னை ஆயான்னு நெனைச்சிடுவாங்க. ஒட்டிப் பேசு," என்றாள் ஓரகத்தி. மாவாட்டும்போதும் துணி உலர்த்தும்போதும் பத்து நாள் முணுமுணுத்தேன்.

அன்று காலை நான் தலை பின்னி முடிப்பதற்குள் அவள் பட்டுச்சேலையில் வாசலில் நின்றாள். "நீ வாயத் திறந்தா பிள்ளைக்கு சீட் போச்சு. ஒரு நாள்தானே, நான் போய் அம்மாவா உட்கார்ந்துட்டு வரேன்." என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதிப் பின்னலைப் பிடித்தபடி நின்றேன். கூச்ச சுபாவம். மூன்றரை வயதுக் குழந்தையை, "இன்னிக்கு என்னை மம்மின்னு கூப்பிடணும், என்ன?" என்று பழக்கிக்கொண்டே டாக்ஸியில் ஏற்றினாள்.

சீட் கிடைத்தது. ஒரு நாள் பன்னிரண்டு வருடமாயிற்று. பள்ளியில் அம்மா என்று தெரிந்த முகம் அவளுடையது. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அவளே போனாள். நான் குடையோடு கேட்டுக்கு வெளியே நிற்பேன். என் மகள் மேடையில் பரிசு வாங்கியதை, அங்கே கொடுத்த சந்தேஷ் இனிப்பு பல்லில் ஒட்டியிருக்க அவள் வந்து சொல்லித்தான் கேட்டேன். நல்லதுதானே செய்தாள் என்பார்கள் வீட்டில். செய்யட்டும். எனக்கு அவளைப் பிடிக்காது.

போன வாரம் சால்ட் லேக்கில் அவள் மகன் வீட்டுக்கு மகளும் நானும் போயிருந்தோம். பக்கத்து ஃப்ளாட் பெங்காலி அம்மாள் என் மகளைக் காட்டி யார் என்று கேட்டாள். "மை டாட்டர்," என்றாள் ஓரகத்தி, இந்த வயதிலும் கூசாமல். மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்புதான் சுட்டது.

"நோ. ஐம் ஹர் மதர்," என்றேன்.

ஒட்டித்தான் வந்தது. பெங்காலி அம்மாள் "ஓ மா!" என்றாள். "என்னடி, இத்தனை வருஷம் கழிச்சு?" என்று ஓரகத்தி சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. மகளும் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். முதல் வரியைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. அம்மா யார் என்று அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இருக்கட்டும்.